குழாய் பொருத்தும்போது பி.பி. ஏறினால் என்ன ஆகும்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. பி.பி.க்காக டெல்மிசார்டானும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். புதுச்சேரியில் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விடும்போது பி.பி. ஏறிப் பக்கவாதம் வரும் என்கிறார்கள். அன்று காலை மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஏறுவது உண்மை. நாக்கை விலக்கிக் குரல்வளையைப் பார்க்க வைக்கும் கருவியின் அழுத்தத்தை, மயக்கத்தில் இருப்பவர் அறியாவிட்டாலும் உடல் அறியும். அட்ரினலின் பெருகி, பி.பி.யின் மேல் அளவு 20 முதல் 40 வரை கூடி, ஓரிரு நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் தணிந்துவிடும். பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த ஏற்றம் அதிகம். அதை அடக்கவே மயக்கவியல் மருத்துவர் ஃபென்டனில், லிக்னோகெயின், எஸ்மோலால் போன்ற மருந்துகளில் தேவையானதை முன்கூட்டியே செலுத்தி, மயக்கம் ஆழ்ந்த பிறகு சில நொடிகளில் குழாயைப் பொருத்துகிறார். அது அவர் பொறுப்பு.

உங்கள் பொறுப்பு மாத்திரை. வெறும் வயிறு என்றதும் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறார்கள், பி.பி. மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்க வேண்டும். உங்கள் அம்மாவின் மாத்திரைதான் சிக்கலானது. அதிலுள்ள மெட்டோப்ரோலாலை ஒரு நாளும் விடக் கூடாது, விட்டால் நாடித்துடிப்பும் அழுத்தமும் எகிறும். டெல்மிசார்டானையோ முந்தைய நாளே நிறுத்தச் சொல்வது வழக்கம், ஏனெனில் மயக்க மருந்தோடு சேர்ந்து அது அழுத்தத்தை மிகவும் தாழ்த்திவிடும். ஒரே மாத்திரைக்குள் இரண்டும் இருப்பதால், அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள இரு பெயர்களையும் மருத்துவரிடம் காட்டி, மெட்டோப்ரோலாலை மட்டும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பாதியாக உடைத்தால் இரண்டும் பாதியாகுமே தவிரப் பிரியாது.

அறுவை சிகிச்சைக்கு உடல் தகுதி இருக்கிறது என்ற 'பிட்னஸ்' சான்று வாங்கித் தருவதாக வரும் தரகர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். பி.பி. அளவு 180/110-ஐத் தாண்டினால் அவசரமற்ற அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவோம். அதை மறைக்க, பி.பி.யை வேகமாக இறக்கும் நிஃபெடிபின் மருந்தை நாக்கின் அடியில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. வைத்தால் அழுத்தம் சட்டென விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறையும். நீங்கள் அஞ்சும் பக்கவாதம் அதனாலேயே வரக்கூடும்.

நோயாளியை முந்தைய நாள் மாலையில்தான் மயக்கவியல் மருத்துவரிடம் அனுப்பும் வழக்கம் இன்னும் பல மருத்துவமனைகளில் ஒழியவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்தால் மாத்திரையைத் திருத்தலாம். முந்தைய மாலையில், கடலூரிலிருந்து பேருந்தில் வந்தவரைத் திருப்பி அனுப்பத்தான் முடியும். அனுப்பும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே மாத்திரை அட்டையோடும் பழைய பி.பி. குறிப்புகளோடும் அம்மாவை அழைத்துச் சென்று மயக்கவியல் மருத்துவரைப் பாருங்கள்.