விம்பிள்டனை வென்ற கோப்பித் தோட்டத் துரை

கேள்வி: இலங்கையில் வாழ்ந்த யாராவது, அல்லது தமிழர் யாராவது, விம்பிள்டன் டெனிஸ் பட்டம் வென்றதுண்டா?

உண்டு. இலங்கைக்காரர் என்று உரிமை கொண்டாட முடியாது. ஆனால் இலங்கையில் தொழில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வென்றிருக்கிறார். அதுவும் போட்டி ஆரம்பித்த இரண்டாவது வருஷமே, 1878இல். பெயர் பட்ரிக் பிரான்சிஸ் ஹாடோ. பிராங்க் ஹாடோ என்றுதான் பரவலாக எழுதுவார்கள். 1855இல் லண்டனில் பிறந்த வெள்ளைக்காரர், ஹாரோ பள்ளியில் படித்தவர், மிடில்செக்ஸ் அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். எங்கள் மலைநாட்டு வழக்கில் சொன்னால் ஒரு கோப்பித் தோட்டத் துரை. லீவில் சீமைக்குப் போனார், போன இடத்தில் விம்பிள்டனில் பெயர் கொடுத்தார், பட்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பவும் தோட்டத்துக்கே வந்துவிட்டார். அப்போது வயது 23.

தமிழர் பற்றிக் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன். துரையின் கதையை முதலில் சொல்லக் காரணம், அவர் வென்ற விதம். டெனிஸ் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல ருசியான விஷயம்.

இப்போது டிவியில் பார்க்கும் விம்பிள்டனை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்ய வேண்டாம். இடமே வேறு. அன்று வோர்ப்பிள் வீதியில் இருந்தது மைதானம். இன்றைய சர்ச் வீதி மைதானத்துக்கு வந்தது 1922இல்தான். 1877இல் நடந்த முதல் போட்டியில் ஆடியவர்கள் 22 ஆண்கள். இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கே அதைவிடக் கூட்டம் வரும். பெண்களுக்குப் போட்டி வைக்க 1884 வரை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முதல் போட்டியை வென்றவர் ஸ்பென்சர் கோர். மற்றவர்கள் எல்லாம் பின்கோட்டில் நின்றுகொண்டு நிதானமாகப் பந்தை அங்கும் இங்கும் அனுப்பிக்கொண்டிருக்க, இவர் வலைக்குக் கிட்ட ஓடிவந்து, பந்து தரையில் படுமுன்னே தட்டிவிட்டார். இன்று நாம் வொலி என்று சொல்கிற அடிதான். அப்போது யாருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், வலை இன்றைய வலை மாதிரி இல்லை. இன்று நடுவில் 3 அடி, ஓரத்துக் கம்பத்தில் மூன்றரை அடி. 1878இல் நடுவில் அதே 3 அடிதான், ஆனால் ஓரத்தில் 4 அடி 9 அங்குலம். முந்தைய வருஷம் இன்னும் உயரம், 5 அடி. வலை நடுவில் அப்படித் தொய்ந்து கிடந்தால் என்ன ஆகும்? கோட்டை ஒட்டி ஓரமாக அடித்து எதிராளியைத் தாண்டிப் போகிற அடி அநேகமாக நடக்காத காரியம். அடிக்கிறவன் நடுப்பக்கமாகத்தான் அனுப்பியாக வேண்டும். கோர் அங்கேதான் நிற்கிறார். நல்ல உயரமான ஆள் வேறு.

1878 போட்டிக்கு 34 பேர் வந்தார்கள். அந்த வருஷத்திலிருந்து ஒரு புது முறை: நடப்புச் சம்பியன் எல்லா ஆட்டமும் ஆடத் தேவையில்லை. மற்றவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஒருவரை மிச்சம் வைப்பார்கள். அவரோடு மட்டும் சம்பியன் ஒரே ஒரு ஆட்டம் ஆடுவார். (எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத முறை. 1922இல்தான் கைவிட்டார்கள்.) மிச்சமாக நின்றவர் ஹாடோ. எதிரே, களைப்பே இல்லாத கோர்.

ஓரத்தால் போக வழியில்லை, நடுவில் ஆள் நிற்கிறான். மிச்சம் இருந்தது வானம் மட்டும்தான். ஹாடோ பந்தைக் கோரின் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். வலையருகே மட்டையோடு தயாராக நின்ற கோர் திரும்பிப் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து நின்றால் மறுபடியும் மேலே. இன்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த லொப் அடிதான். ஆனால் அதை ஓர் ஆயுதமாக விம்பிள்டனில் பிடித்தவர் என்று டெனிஸ் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வது இவரைத்தான். 7-5, 6-1, 9-7 என்று ஆட்டம் முடிந்தது. அந்தப் போட்டி முழுவதிலும் ஹாடோ ஒரு செட்டைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பட்டத்தைக் காப்பாற்ற அவர் வரவே இல்லை. தோட்டத்தில் இருந்தார். அவர் வராததால் 1879 பட்டம் ஜோன் ஹார்ட்லி என்ற பாதிரியாருக்குப் போயிற்று. இந்த மனிதர் இவ்வளவு தூரம் முன்னேறுவோம் என்று எதிர்பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்யாமல் வந்துவிட்டார். போட்டி நடுவில் யோர்க்ஷயர் வரை போய்ப் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து ஆடியவர். அவரிடம் தோற்ற வியர் கூல்ட் என்பவரோ பல வருஷம் கழித்து மொண்டி கார்லோவில் ஒரு கொலை வழக்கில் மாட்டி, தண்டனைத் தீவிலேயே செத்துப்போனார். அந்தக் காலத்து விம்பிள்டன் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், நாவலே தேவைப்படாது. ஹாடோ குடும்பமும் லேசுப்பட்டதல்ல. அண்ணன் டக்ளஸ், 1865இல் மேட்டர்ஹோர்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய குழுவில் இருந்து, இறங்கும்போது விழுந்து இறந்த நால்வரில் ஒருவர்.

சரி, இனி எங்கள் பக்கத்துக் கதை.

ஹாடோவைத் 'தேயிலைத் தோட்டக்காரர்' என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். சிலோன் என்றாலே தேயிலை என்ற பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று தேயிலை போட்டதே 1867இல்தான். 1878இல்கூட மலையில் எங்கே பார்த்தாலும் கோப்பிதான். 1869இலிருந்தே கோப்பி இலையின் அடியில் மஞ்சள் துரு மாதிரி ஒரு நோய் படர ஆரம்பித்திருந்தது. ஆனால் விலை நன்றாக இருந்ததால் துரைமார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இன்னும் காட்டை வெட்டிக் கோப்பி போட்டுக்கொண்டே போனார்கள். 1880களில் எல்லாம் சரிந்தது. ஆக ஹாடோ கோப்பையைத் தூக்கியது கோப்பியின் கடைசி நல்ல காலத்தில்.

அப்போது ரயில் நாவலப்பிட்டி வரைக்கும்தான். ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு மேலே இருந்த தோட்டங்களுக்குத் துரை என்றால் குதிரை, மற்றவர்களுக்குக் கால்.

அந்தக் கால்கள் யாருடையவை என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரிப் போகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்வார்களே, அதுதான். ஊரில் கஞ்சிக்கு வழியில்லாமல் படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்து, அங்கிருந்து மலையேறிய ஜனம் எக்கச்சக்கம். வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் போனவர்களும் நிறையப் பேர். வந்து சேர்ந்தவர்கள் காடு வெட்டினார்கள், கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டினார்கள், களை பிடுங்கினார்கள். தோட்டத்துத் துரை கப்பலில் ஊர் போய்ச் சேரவே வாரக்கணக்காகும் காலத்தில், நிம்மதியாக லீவெடுத்து டெனிஸ் ஆட முடிந்தது என்றால், இங்கே வேலை ஒரு நாளும் நிற்கவில்லை என்று அர்த்தம். ஹாடோ கெட்டிக்காரர்தான், அந்த லொப்புக்கு நானே கை தட்டுவேன். ஆனால் 'மலைநாட்டின் விம்பிள்டன் சம்பியன்' என்று நம் ஆட்கள் யாராவது பெருமையாகப் பதிவு போட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

டெனிஸும் துரைமாரோடுதான் இந்த மலைக்கு வந்தது. பங்களா இருந்தால் பக்கத்தில் ஒரு டெனிஸ் கோர்ட்டும் இருக்கும் என்ற அளவுக்கு அது ஒரு காலத்தில் பரவியிருந்தது. எங்கள் தாத்தா, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னப் பையனாகப் பந்து பொறுக்கிப் போட்டவர். மலையை வெட்டிச் சமப்படுத்திய கோர்ட் அது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை. மழை விட்டதும் இரண்டு பேர் சேர்ந்து கல் உருளையை இழுத்து மண்ணை அமுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டுவைக்க வேண்டும். பந்து கொழும்பிலிருந்து வர வேண்டிய சாமான் என்பதால் ஒன்று தொலைந்தாலும் ஏச்சு விழும். தூக்கி அடிக்கிற துரைமாரைத் தாத்தாவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அந்தப் பந்துதான் காற்றில் ஒதுங்கிப் பள்ளத்தில் போய் விழும். பையன்கள் தேயிலைச் செடிக்குள் புகுந்து தேடி எடுத்துக்கொண்டு மேலே வரும்போது கால் முழுக்க அட்டை. நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் இன்னும் மோசம். மேலே போன பந்து எந்தப் பக்கம் இறங்கிற்று என்று அடித்த துரைக்கே தெரியாதாம்.

அதோடு, உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும், பந்து கூடுதல் தூரம் பறக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். கொழும்பில் கோட்டுக்குள் விழுகிற அடி அங்கே வெளியே போகும். ஹாடோ தன் லொப்பை எங்கள் மலையில் பழகியிருந்தால் விம்பிள்டனில் எல்லாம் குட்டையாக விழுந்திருக்குமோ என்று நான் விளையாட்டாக யோசிப்பதுண்டு.

கடைசியாக ஒரு தகவல்: 1926இல் விம்பிள்டன் பொன்விழாவுக்கு உயிரோடிருந்த பழைய சம்பியன்களை எல்லாம் அழைத்து, மேரி மகாராணி கையால் பதக்கம் கொடுத்தார்கள். 71 வயது ஹாடோவும் போய் வாங்கினார். 1946 வரை இருந்தார்.

இனித் தமிழர். பெரியவர்களுக்கான ஒற்றையர் பட்டம் இதுவரை இல்லை. ஆனால் ஜூனியர் பட்டம் இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டுக்கு. 1954இல் ராமநாதன் கிருஷ்ணன். இறுதி ஆட்டத்தில் அவர் வென்ற ஆஷ்லி கூப்பர் 1958இல் பெரியவர்களுக்கான பட்டத்தையே எடுத்தார். 1979இல் மகன் ரமேஷ். ராமநாதன் 1960, 1961 இரண்டு வருஷமும் அரையிறுதி வரை போனார். முதல் தடவை நீல் பிரேசரிடமும் அடுத்த தடவை ரொட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த வருஷத்துச் சம்பியன்கள். 1962இல் நான்காம் இடத்துக்குரியவராகத் தரப்படுத்தப்பட்டு, கணுக்கால் காயத்தோடு விலகினார்.

தமிழர் கைக்கு மிகக் கிட்ட வந்தது ராமநாதனின் காலத்தில்தான் என்று அநேகமானோர் சொல்வார்கள். நான் 1973ஐச் சொல்வேன். அந்த வருஷம் யூகோஸ்லாவிய வீரர் நிக்கி பிலிச்சுக்கு விதித்த தடையை எதிர்த்து 80க்கு மேற்பட்ட வீரர்கள் போட்டியைப் புறக்கணித்தார்கள், களம் திறந்து கிடந்தது. 19 வயது விஜய் அமிர்தராஜ் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றார். கோடெஷ் அதற்குப் பிறகு அரையிறுதியில் ரொஜர் டெய்லரையும் இறுதியில் அலெக்ஸ் மெட்ரெவெலியையும் வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த இருவரையும் விஜய் சமாளித்திருப்பார் என்பது என் கட்சி.