தாலியா, சம்மதமா? உபதேசியாரிடம் சில கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத் தோட்டங்களில் நெடுங்காலம் உபதேசியாராக (மறைக்கல்வி கற்பிப்பவராக) இருந்தவர், இப்போது பங்கின் (ஊர்க் கத்தோலிக்கச் சபையின்) திருமண ஆயத்த வகுப்பை நடத்துகிறார். கத்தோலிக்கத் திருமணம் பற்றி நம் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு அவர் தரும் பதில்கள் இவை.

கொட்டகலை இளைஞர்: ஐயா, கல்யாணம் எந்த நிமிடத்தில் ஆகிறது? தாலி கட்டும்போதா, சுவாமி (குருவானவர்) ஆசீர்வதிக்கும்போதா, பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்போதா? வீட்டில் பெரிய வாக்குவாதம்.

மூன்றும் இல்லை. "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்" என்று இருவரும் கைபிடித்து வாக்குக் கொடுக்கிறார்களே, அப்போதுதான். நம்முடைய இலத்தீன் (ரோமன் கத்தோலிக்க) மரபில் இந்த அருட்சாதனத்தை, அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கை, ஒருவருக்கொருவர் வழங்குகிறவர்கள் மணமக்களே. சுவாமி திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிற சாட்சி. அவரும் வேறு இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்ற விதி 1563-இல் திரெந்து நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்தில்தான் வந்தது. அதற்கு முன் இரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு "நான் எப்போது சொன்னேன்?" என்று கைவிட்ட ஆண்கள் ஏராளம். அவர்களுக்காக வந்த விதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாலி நம்முடைய வழக்கம். சிலுவையோ புறாவோ பொறித்து, மந்திரித்துக் கட்டுகிறோம். சபை அதை மனமுவந்து ஏற்றிருக்கிறது. ஆனால் பெண்ணை மிரட்டிச் சம்மதிக்கவைத்தால், தங்கத் தாலி கட்டினாலும், மறைமாவட்டத் தலைவரான ஆயரே வந்து ஆசீர்வதித்தாலும், அது திருமணம் ஆகாது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசையில் இருக்கும் தகப்பன்மார் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மஸ்கெலியா, ஒரு சகோதரி: நான் சைவம், அவர் கத்தோலிக்கர். நான் ஞானஸ்நானம் எடுத்தால்தான் கோயிலில் கட்டிவைப்பார்கள் என்று அவருடைய அம்மா சொல்கிறார். என் அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

அது உண்மையில்லை, மகளே. உங்கள் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுப்பதை நானே ஊக்குவிப்பதில்லை. விசுவாசம் வந்தால் எடுங்கள், வராவிட்டால் எடுக்காதீர்கள்.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். உங்கள் ஊர் கண்டி மறைமாவட்டம்; பங்குத்தந்தை மூலமாக அங்கே விண்ணப்பம் போகும். விசுவாசத்தைக் கைவிடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று உங்கள் மாப்பிள்ளைதான் வாக்குக் கொடுக்கவேண்டும். அந்த வாக்கை உங்களுக்குத் தெரியப்படுத்துவார்கள். அதற்குமேல் உங்களிடம் எந்த வாக்குறுதியும் கேட்கப்படாது. முன்பு இரு தரப்பிடமும் எழுதி வாங்கினார்கள். 1970-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை மாற்றிவிட்டார். மாமியார் அந்தப் பழைய காலத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறாரோ என்னவோ.

இப்படி நடக்கும் திருமணம் முழுமையாகச் செல்லும். அருட்சாதனம் என்று மட்டும் சொல்வதில்லை, அதற்கு இருவரும் திருமுழுக்குப் பெற்றிருக்கவேண்டும். பிள்ளைகள் விஷயத்தை இருவரும் கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். தீபாவளிக்கு எந்த வீடு, நத்தாருக்கு எந்த வீடு என்பதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில்தான் சண்டை வரும்.

இறாகலை: ஆடி மாதத்தில் வைக்கலாமா?

தாராளமாக. மண்டபமும் சுலபமாகக் கிடைக்கும். தவக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஹப்புத்தளை ஆசிரியர்: ஒருவனுக்கு ஒருத்தி என்கிறீர்கள். ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் சாலமோனுக்கும் பல பெண்கள் இருந்தார்களே?

இருந்தார்கள். அந்த வீடுகளில் நிம்மதி இருந்ததா என்று தொடக்கநூலை வாசித்துப் பாருங்கள்: சாராளும் ஆகாரும், ராகேலும் லேயாளும். வேதம் நடந்ததைச் சொல்கிறது. அவ்வளவையும் நம் தலையில் கட்டவில்லை. பரிசேயர் மணவிலக்குப் பற்றிக் கேட்டபோது இயேசு மோசேயையும் தாண்டிப் படைப்பின் தொடக்கத்துக்கே போகிறார். கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார், இருவரும் ஒரே உடலாய் இருப்பர் என்ற இரண்டு வசனங்களையும் சேர்த்து வைக்கிறார் (மாற்கு 10). திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே வாழ்நாள் முழுவதற்குமான உடன்படிக்கை என்று சபை சொல்வது இதிலிருந்துதான். தம்பதியரின் நலம், பிள்ளைப்பேறு இரண்டையும் அதன் நோக்கமாகச் சொல்கிறது.

பிள்ளை இல்லை என்பதற்காக இரண்டாவது பெண்ணைத் தேடும் பழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: பிள்ளை பிறக்காததால் திருமணம் குறைபடாது, செல்லாமலும் போகாது.

பதுளை: அக்கா மகளை என் தம்பிக்குக் கேட்கிறார்கள். முறைதானே?

ஊர் முறையில் சரி. ஆனால் இந்த நாட்டில் நடக்காது. 1907-ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உடன்பிறந்தாளின் மகளை மணப்பது செல்லுபடியாகாது. தமிழ்நாட்டு உறவினர் செய்வதைப் பார்த்து நாள் குறித்துவிடாதீர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் அரச சட்டம் தடுக்காது. சபைச் சட்டம் தடுக்கும், ஆனால் ஆயர் விதிவிலக்குத் தரலாம். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

தலவாக்கலை, பெயர் சொல்ல விரும்பாத சகோதரி: குடித்துவிட்டு அடிக்கிறார். "கணவன் மனைவிக்குத் தலை", "கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக்கூடாது" என்று வீட்டார் வேதம் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போனால் பாவமா?

பாவமில்லை. போங்கள் மகளே, மற்றதைப் பிறகு பேசலாம்.

சபைச் சட்டத்தின் 1153-ஆவது விதி, வாழ்க்கைத் துணையால் தனக்கோ பிள்ளைகளுக்கோ பேராபத்து என்றால் பிரிந்து வாழ அனுமதிக்கிறது. தாமதித்தால் ஆபத்து என்ற நிலையில் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. பிரிந்து இருப்பதால் நற்கருணை வாங்கவும் தடை இல்லை. 2005-ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸில் முறைப்பாடும் கொடுங்கள்.

வேதம் சொல்லும் வீட்டாருக்கு: எபேசியர் 5-ஐ 21-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். "ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள்" என்றுதான் அது தொடங்குகிறது. மனைவிக்குச் சொன்னது மூன்று வசனம். கணவனுக்குச் சொன்னது அதைவிட நீளம். கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் அன்பு செய் என்கிறது. சிலுவையில் தொங்கியவரைக் காட்டி மனைவியை அடிக்க ஒருவனுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

விவாகரத்து வேறு விஷயம். நாட்டுச் சட்டத்தில் பிறர்மனைச் சேர்க்கை, தீயெண்ணத்துடன் கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற காரணங்களுக்காக மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். சபை அந்தத் தீர்ப்பினால் திருமணக் கட்டு அவிழ்ந்ததாகக் கொள்வதில்லை. சபை நீதிமன்றம் பெரும்பாலும் விசாரிப்பது இதைத்தான்: வாக்குக் கொடுத்த அன்று உண்மையான சம்மதம் இருந்ததா? இல்லை என்று நிரூபணமானால், அது தொடக்கத்திலிருந்தே திருமணம் அல்ல என்று அறிவிக்கும். 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் இந்த நடைமுறையைச் சுருக்கினார். இதெல்லாம் ஆறுதலாகப் பார்க்கவேண்டியது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

நானுஓயா: மெதடிஸ்த சபையில் திருமணம் அருட்சாதனம் இல்லையாமே? அப்படியென்றால் எளிதில் பிரியலாமா?

மெதடிஸ்த சபை உள்ளிட்ட புரட்டஸ்தாந்து சபைகள் திருமுழுக்கு, திருவிருந்து இரண்டையே அருட்சாதனமாகக் கொள்கின்றன. அதனால் திருமணத்தை இலேசாக எண்ணுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். கடவுள் முன் செய்யும் வாழ்நாள் உடன்படிக்கை என்றே அவர்களும் போதிக்கிறார்கள்.

பண்டாரவளை: பதிவாளரிடம் எழுதி எட்டு வருடமாகிறது, இரண்டு பிள்ளைகள். இருவரும் கத்தோலிக்கர்தான், கோயிலில் கட்டவில்லை. இப்போது போனால் திட்டுவார்களா?

திட்டினால் என்னிடம் சொல்லுங்கள். நாட்டுச் சட்டத்தில் நீங்கள் கணவன் மனைவி, அதில் சந்தேகமில்லை. சபை முறைப்படி சம்மதம் கொடுப்பதுதான் பாக்கி. பந்தல், விருந்து எதுவும் தேவையில்லை. ஒரு வாரநாள் மாலையில் சுவாமியும் இரண்டு சாட்சிகளும் போதும். மறுபடியும் அரச பதிவு கிடையாது. இருவரும் அண்மையில் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழையும், உங்கள் விவாகச் சான்றிதழின் பிரதியையும் கொண்டு பங்குத்தந்தையைப் பாருங்கள். வேறு பங்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அங்கே இப்போதே எழுதிக் கேளுங்கள், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க நாளாகும்.