மொழிபெயர்ப்பு வேலைக்கு மேக்புக் ஏர் வாங்குவது வீண்செலவா?

பாதி விலையில் விண்டோஸ் மடிக்கணினி கிடைக்கும்போது, வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்பவர் ஆப்பிளின் மடிக்கணினியான மேக்புக் ஏருக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம் என்பதே என் பதில். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து இதே வேலையைச் செய்பவன் நான்.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படாத ஆண்டுகளில் எங்கள் குறுவை முழுவதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியே நிற்கும். அந்த நேரத்தில் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் எரிந்து மோட்டாரை வெளியே தூக்க நேர்ந்தால், கம்பியை மாற்றிச் சுற்றும் கூலியைவிடக் காயும் பயிரின் இழப்பே பெரிது என்பதால், அப்பா எப்போதும் விலை கூடிய மோட்டாரையே வாங்குவார். அதைப் பார்த்து வளர்ந்தும் நான் முதலில் வாங்கியது மலிவான மடிக்கணினி. தை, மாசியில் சம்பா அறுவடையின்போது களத்திலிருந்து வரும் தூசும் சுணையும் அதன் மின்விசிறியில் அடைத்துக்கொள்ளும்; சூடேறியதும் வேகம் குறையும்; கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்க இரண்டு மூன்று நாளாகும். ஓர் ஆண்டில் அப்படி வேலையின்றி இருந்த நாட்களை எண்ணியபோது 14 வந்தது. நாளொன்றுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தாலே 21,000 ரூபாய், பழுதுக்கூலி தனி.

2020 இறுதியில் ஆப்பிளின் எம்1 சில்லுடன் வந்தது முதலான மேக்புக் ஏர்களில் மின்விசிறியே கிடையாது என்பதால் தூசை உள்ளிழுக்க வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைநாள் மின்தடை எங்களுக்குப் பழகியதுதான். அதை இதன் பேட்டரி தாங்கிவிடுகிறது. தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகை அமைப்புகளும் உடனிருக்கின்றன. ஆனால் இப்போது விண்டோஸிலும் இவை உண்டு என்பதால் அதை ஒரு காரணமாகக் கொள்ள வேண்டாம்.

நீங்கள் தீர யோசிக்க வேண்டியது மென்பொருளைப் பற்றித்தான். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் பல கேட்கும் மொழிபெயர்ப்பு மென்பொருளான டிராடோஸ் ஸ்டுடியோ விண்டோஸில் மட்டுமே இயங்கும். அதே வகை மென்பொருளான ஒமேகாடி மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்கும். உங்களுக்கு வேலை தரும் நிறுவனங்கள் டிராடோஸைக் கட்டாயமாகக் கேட்டால், மேக்கை விட்டுவிட்டு, அதே பணத்தில் அலுவலகப் பயன்பாட்டுக்கென்று தயாரிக்கப்படும் விண்டோஸ் மடிக்கணினியை, வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டியுடன் வாங்குங்கள். அதுவும் இருமடங்கு விலைதான், அதுவும் தகும்.

மேக் என்று முடிவானால், நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னால் கூட்ட இயலாது என்பதால் தொடக்கத்திலேயே 16 ஜிபி நினைவகமும் உங்களுக்குப் போதுமான சேமிப்பகமும் உள்ளதாக எடுங்கள். பழுதானால் செலவு கடுமையாக இருக்கும்; உள்ளிருக்கும் கோப்புகளும் போய்விடலாம். ஆகவே வெளி வன்தட்டு ஒன்றையும் சேர்த்து வாங்கி, கோப்புகளைத் தானாகவே நகலெடுத்து வைக்கும் மேக்கின் டைம் மெஷினை முதல் நாளே இயக்கிவிடுங்கள்.