கல்வியியலும் வரலாறும் சேர்ந்த பட்டப்படிப்பு என்றால் என்ன?

ஒரே பட்டத்துக்குள் இரண்டு துறைகளையும் ஏறக்குறையப் பாதிப்பாதியாகப் படிப்பதுதான் இது. கல்வியியல், மனிதர் எப்படிக் கற்கிறார்கள், பள்ளி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும். அது எப்படி இப்படி ஆனது என்பதைச் சான்றுகளைக் கொண்டு வரலாறு தேடும்.

பழைய வீட்டில் ஒரு சுவரை இடிக்குமுன் அதை ஏன் கட்டினார்கள் என்று பார்ப்போமே, அதுபோல.

பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய அரசில் 1763இல் வந்த பள்ளிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 13 அல்லது 14 வயதுவரை பள்ளி கட்டாயம் என்றது அது. யார், எதற்காக இயற்றினார்கள், ஊர்களில் உண்மையில் நடைமுறைக்கு வந்ததா என்று வரலாற்று மாணவர் ஆராய்வார். வகுப்பில் என்ன கற்பித்தார்கள், குழந்தைக்கு என்ன புரிந்தது என்பது கல்வியியலின் கேள்வி. இரண்டையும் ஒரே கட்டுரையில் கேட்க முடிவதுதான் இந்தப் படிப்பின் உண்மையான பலம்.

சிக்கல் பெரும்பாலும் எழுத்தில் வரும். வரலாற்றில் அடிக்குறிப்பு கேட்பார்கள். கல்வியியலில் பெரும்பாலும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரிக்குள்ளேயே வரவேண்டும். கலந்து எழுதினால் மதிப்பெண் போகும். இரு துறைகளின் கெடு தேதிகளும் ஒரே வாரத்தில் மோதலாம். பருவத் தொடக்கத்திலேயே ஒரே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

பலர் நினைப்பதுபோல் இந்தப் பட்டம் பெற்றவுடன் ஆசிரியராகிவிட முடியாது: கற்பித்தல் பயிற்சியும் அங்கீகாரமும் பாடத்திட்டத்திலேயே இல்லையென்றால், ஆசிரியர் பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும்.