கணக்குக் கேள்வி பதில்: வகுக்காமலே பகா எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 41,024,320 இலக்கங்களாம்! இதை எந்தெந்த எண்ணால் வகுத்துப் பார்த்திருப்பார்கள் என்று தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்கிறான்.
– வாசகி, ஈசூன்

பதில்: காரணி தேடி வகுத்துக்கொண்டே போய் இதை நிரூபிக்கவில்லை. அப்படிப் போனால் முடியவே முடியாது. 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றுக்கென்றே லூக்கா–லெமர் சோதனை இருக்கிறது.

மகனை 127-இல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அது 2⁷ − 1. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127-ஆல் வகுத்தால் வரும் மீதியைக் காணவேண்டும். வந்த மீதியை வைத்து மறுபடியும் அதையே செய்யவேண்டும். அடுக்கு 7 என்பதால், அதில் 2 குறைத்து மொத்தம் 5 சுற்று. வரிசையாக 14, 67, 42, 111, 0 என்று வரும். கடைசியில் 0 வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண்.

மீதி காண்பதில்தான் அழகே இருக்கிறது. 67² − 2 = 4487. அதில் 128 முப்பத்தைந்து முறை போக மிச்சம் 7. 35 + 7 = 42, அவ்வளவுதான்! 128-ஐ 127-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும் என்பதால் இது சரியாக வருகிறது. கடைசிச் சுற்றில் 12319-க்கு 96 + 31 = 127 கிடைக்கும்; அதை அப்படியே விட்டுவிடக் கூடாது, மீதி 0. கணினி இரும முறையில் கணக்கிடுவதால், எண்ணை இரண்டாக வெட்டிக் கூட்டினால் போதும். மிகப் பெரிய பகா எண்களாக மெர்சென் எண்களே அடிக்கடி அகப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. சோதனை 1736-இல் முடியும். பகு எண் என்று சொல்லுமே தவிர, காரணிகளைக் காட்டிக்கொடுக்காது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார். 193,707,721 × 761,838,257,287 என்று கோல் என்ற கணித அறிஞர் பிரித்துக் காட்டியது 1903-இல்.

இந்தப் புதிய எண்ணுக்கு 136,279,839 சுற்றுகள். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் விடை பாழ். அதனால்தான் வேறு வேறு கணினிகளிலும் மென்பொருள்களிலும் சோதனையைத் திரும்ப ஓட்டி உறுதி செய்தார்கள்.

கேள்வி: எக்செல்லில் 2⁶¹ − 1 போட்டால் 2305843009213690000 என்று வருகிறது. 0-இல் முடிகிற எண் எப்படிப் பகா எண்ணாகும்?
– வாசகர், ஜூரோங்

பதில்: எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், மற்றதைச் சுழியமாக்கிவிடும். சரியான விடை 2305843009213693951, அது பகா எண்ணேதான். மேலே சொன்ன சோதனையை அடுக்கு 19 வரை எக்செல்லில் தாராளமாகச் செய்யலாம். 31-க்குப் போனால் வர்க்கமே 19 இலக்கம் வரை வளர்ந்து, மீதி தப்பாகிவிடும். அங்கிருந்து பைத்தான் என்ற நிரல் மொழிக்கு மாறிவிடுங்கள். முழு எண்ணை எத்தனை இலக்கமானாலும் அது வெட்டாது.