மஞ்ச லைட்டு எரியுது அண்ணாச்சி, என்ன செய்ய?

கேள்வி: அண்ணாச்சி, போன வாரம் மத்தியானம் வள்ளியூருக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு கார்ல போனோம். நாங்குநேரி தாண்டுனதும் ஸ்டியரிங்குக்கு முன்னால மஞ்சளா ஒரு லைட்டு, நடுவுல ஆச்சரியக்குறி போட்டு எரிஞ்சுது. எறங்கி பாத்தா நாலு டயரும் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க அத்தான் "இது சென்சார் கோளாறு, ரீசெட் பட்டன அமுக்குனா போயிரும்"னாங்க. அமுக்குனோம், போயிட்டு. அதுக்கப்புறம் எரியல. அப்படியே விட்டுரலாமா?
– ஆலங்குளம் வாசகி

பதில்: விடவே விடாதீங்கம்மா. அது டயர்ல காத்து கொறஞ்சிருக்குன்னு சொல்லுற லைட்டு. லைட்டு எரிஞ்சத விட இப்ப எரியாம இருக்கதுதான் எனக்கு கவலையா இருக்கு.

ரீசெட் பட்டன் இருக்க வண்டியில பெரும்பாலும் டயருக்குள்ள சென்சார் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்குன்னு சக்கரம் சுத்துற வேகத்த அளக்க சென்சார் இருக்குல்லா, அத வச்சே கணக்கு போட்டுக்கிடும். காத்து கொறஞ்ச டயரு கொஞ்சம் அமுங்கி மத்த மூணையும் விட வேகமா சுத்தும், அத கண்டுபிடிச்சுதான் லைட்டு போடுது. நீங்க ரீசெட் அமுக்குனா "இப்ப இருக்க காத்துதான் சரியான அளவு"ன்னு அதுக்கு சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். அப்புறம் இன்னும் நெறைய எறங்குனாத்தான் திரும்ப எரியும். அதனால காத்த சரியா அடிச்ச பிறகுதான் அந்த பட்டன்ல கைய வைக்கணும், அதுக்கு முன்னால தொடவே கூடாது.

நீங்க கண்ணால பாத்து நல்லாருக்குன்னு நெனச்சதுல தப்பில்ல, இந்த காலத்து ரேடியல் டயரு 33 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த சொல்லுற அளவு) இருந்தாலும் பக்கவாட்டுல லேசா பிதுங்கித்தான் நிக்கும், 25க்கு எறங்குனாலும் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும், காலால ரெண்டு மிதி மிதிச்சு பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில, 2000 வாக்குல டயரு வெடிச்சு நெறைய பேரு செத்த பிறகு கொண்டு வந்த விதிப்படியே 25 சதவீதம் கொறையும்போது எரிஞ்சா போதும்னுதான் இருக்கு. 33 போட வேண்டிய டயருக்கு அது ஏறக்குறைய 25. இன்னொண்ணையும் யோசிங்க, மத்தியான வெயில்ல நாலுவழிச்சாலையில ஓடுன டயரு சூட்டுக்கு காத்து விரிஞ்சு ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அப்படி இருந்தும் எரிஞ்சிருக்குன்னா ஆறுன டயர்ல இன்னும் கம்மியாத்தானே இருக்கும்.

நாளைக்கு காலையில வண்டிய எடுக்கதுக்கு முன்னால காத்தழுத்தம் அளக்குற கேஜ் வச்சு நாலு டயரையும் அளந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. கேஜ் 500 ரூவாய்க்குள்ளயே கிடைக்கும், கார் வச்சிருக்க ஒவ்வொரு வீட்லயும் அது கெடக்கணும். எவ்வளவு இருக்கணும்ங்கிறது டிரைவர் கதவத் தொறந்தா ஓரத்துல ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். டயர் மேலயே பொறிச்சிருக்கது அது தாங்குற உச்ச அளவு, அத பாத்து அடிச்சிராதீங்க. காத்து அடிச்சு, ரீசெட் பண்ணி, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அளங்க. மொத தடவ அளந்தப்பவே நாலும் ஒண்ணுபோல கொறஞ்சிருந்தா ரொம்ப நாளா காத்து பாக்கலன்னு அர்த்தம், ரெண்டாவது தடவ அளக்கும்போது ஒண்ணு மட்டும் எறங்கியிருந்தா பஞ்சர்தான், இல்லன்னா வால்வு. நம்ம ஊரு தோட்டத்துப் பாதையில கெடக்க உடமுள்ளு ஒண்ணு உள்ள ஒடிஞ்சு நின்னா டியூப்லெஸ்ல காத்து நாள்கணக்கா கொஞ்சங்கொஞ்சமாத்தான் போகும். பஞ்சர் கடையில அண்ணாச்சிமாரு வால்வு வாயில எச்சி தொட்டு வச்சு முட்டை விடுதான்னு பாப்பாங்கல்லா, அதையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க.

இனிமே ரோட்டுல போகும்போது லைட்டு எரிஞ்சா சடார்னு பிரேக் அடிக்காதீங்க, ஸ்டியரிங்க நேரா புடிச்சு வேகத்த கொறச்சு ஓரங்கட்டுங்க. வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா அங்கனயே நிறுத்திரணும், ஓட்டுனா டயரு பக்கச்சுவரு உள்ளுக்குள்ள அரைஞ்சு பஞ்சர் ஒட்டக்கூட லாயக்கில்லாம போயிரும். இழுக்கலன்னா பக்கத்து பெட்ரோல் பங்க் வரைக்கும் மெதுவா போகலாம். கைக்குழந்தையும் வயசானவுகளும் ஏறுற வண்டி, இதுல மட்டும் அசட்டையா இருக்காதீங்க.

கேள்வி: மார்கழி காலையில எரியுது, பாபநாசம் போய்ச் சேருததுக்குள்ள தானா அணைஞ்சிருது. எதுக்கு?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: குளிர்ல காத்து சுருங்கும், ஏறக்குறைய அஞ்சாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. ஓடி சூடானதும் ஏறிரும். ஆனா விளிம்புல நிக்கப் போய்தான எரியுது, அணைஞ்சிட்டுன்னு விடாம அடுத்த நாள் காலையிலயே காத்து அடிச்சிருங்க. சூடா இருக்கும்போது அளவு கூடுதலா காட்டுதேன்னு காத்த எறக்கி விடவும் கூடாது.

கேள்வி: டயர் மாத்துனதுலருந்து, வண்டி ஸ்டார்ட் பண்ணுனதும் ஒரு நிமிஷம் மினுக்கு மினுக்குன்னு அடிச்சிட்டு அப்புறம் அணையாம எரியுது. காத்து சரியா இருக்கு.
– திசையன்விளை வாசகர்

பதில்: உங்களுக்குத்தான் தம்பி உண்மையிலேயே சென்சார் கோளாறு. மினுக்கிட்டு எரிஞ்சா அளக்குற ஏற்பாடே வேல செய்யலன்னு அர்த்தம். உங்க வண்டியில சென்சார் வால்வோட சேந்து டயருக்குள்ளயே இருந்தா, டயர கழட்டும்போது கம்பி பட்டு ஒடிஞ்சிருக்கலாம், பழைய வண்டின்னா அதுக்குள்ள இருக்க பேட்டரியும் தீந்திருக்கலாம். அந்த பேட்டரிய மட்டும் மாத்த முடியாது, சென்சாரையே மாத்தணும். மாத்துற வரைக்கும் வாராவாரம் கேஜ் வச்சு பாத்துக்கோங்க. டிக்கியில ஸ்டெப்னி இருக்கான்னும் ஒரு எட்டு பாருங்க, 2020ல விதிய மாத்துன பிறகு, இந்த லைட்டும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் இருக்க வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்ல.