வாசகர் கேள்வி பதில்: இரண்டு மணிக் கட்டம்

கைக்குழந்தைகள் அறையில் 7 ஆண்டுகள் பராமரிப்பாளராகவும், பிறகு 19 ஆண்டுகள் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களை ஆய்வு செய்பவளாகவும் இருந்தவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஒரு காப்பகத்தின் பொறுப்பாளர். அடுத்த வாரம் ஆய்வு இருக்கிறது. குழந்தைகளின் தூக்கத்தைக் கண்காணிக்கும் பதிவேட்டில் பல நாட்கள் காலியாகக் கிடக்கின்றன. பிள்ளைகளை நாங்கள் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டோம், எழுதத்தான் நேரமில்லை. உட்கார்ந்து நிரப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாதீர்கள்.

ஒருநாள் மதியம் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காப்பகத்துக்குப் போயிருந்தேன். ஆறு தொட்டில்களில் ஆறு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் தொங்கிய அட்டையில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்ததாக ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 1.40. அட்டையிலோ 2 மணிக் கட்டத்திலும் 'நலம்' என்று இருந்தது. அந்த இருபது நிமிடம் இன்னும் பிறக்கவே இல்லை. அன்று எந்தக் குழந்தைக்கும் எதுவும் நேரவில்லை. ஆனாலும் அதன் பிறகு அந்தக் காப்பகம் காட்டிய எந்தத் தாளையும் என்னால் நம்பிப் படிக்க முடியவில்லை. மருந்துப் பதிவேடு, தீ ஒத்திகைப் பதிவேடு எல்லாவற்றிலும் அந்த 2 மணிக் கட்டமே தெரிந்தது.

தூங்கும் குழந்தைக்கு மூச்சு தடைபட்டால் அது அழுது யாரையும் கூப்பிடாது. அதனால்தான் இந்தப் பதிவேடு. கைக்குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கெல்லாம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. படுக்க வைக்கும் விதம் மட்டுமே எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள். ஆகவே வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதைப் 'பார்த்தேன்' என்று எழுதக் கூடாது. தொட்டில் அருகே போக வேண்டும். முகத்தில் துணி விழுந்திருக்கிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதட்டின் நிறம் எப்படி இருக்கிறது என்று கவனித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது இது. காலியான கட்டங்களை அப்படியே விடுங்கள். தனித் தாளில் இன்றைய தேதியிட்டு, எந்தெந்த நாட்கள் எழுதப்படவில்லை, ஏன், இனி என்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆய்வாளர் வந்ததும் அவர் கேட்பதற்கு முன் நீங்களே எடுத்துக் கொடுங்கள். விடுபட்ட பதிவுக்கு எச்சரிக்கை வரலாம். அதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. பொய்ப் பதிவு பிடிபட்டால் உரிமத்துக்கே ஆபத்து. பதிவேடு அலுவலக மேசையில் இருந்தால் அதைத் தொட்டில் அறைக்கு மாற்றி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் பிறகும் எழுத நேரமில்லை என்றால் அந்த அறையில் ஆள் போதவில்லை என்று பொருள். அதைத்தான் உடனே சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: அம்மா, ஒன்றரை வயதுக் குழந்தைகள் எட்டுப் பேருக்கு நாங்கள் இருவர் இருக்கிறோம். உடன் வேலை செய்பவர் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரமும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். அலுவலகத்தில் மேலாளர் இருப்பதால் கணக்குச் சரி என்கிறார்கள். இது முறையா?

பதில்: முறையில்லை. அறைக்குள் இருந்து, குழந்தைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவரை மட்டும்தான் எண்ண வேண்டும். சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை எல்லாம் சேர்க்க முடியாது.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், ஆஸ்திரேலியாவில் நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி. எண் நாட்டுக்கு நாடு மாறும், காரணம் மாறாது: இந்த வயதுக் குழந்தை ஆபத்திலிருந்து தானாக ஓடாது, யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். 2009 ஜூன் 5 அன்று மெக்சிகோவின் எர்மோசியோ நகரில், பக்கத்துக் கிடங்கில் பற்றிய தீ ஒரு குழந்தைக் காப்பகத்துக்குள் பரவியது. 49 குழந்தைகள் இறந்தார்கள். வெளியேறப் போதிய வழி இல்லாததால், ஒருவர் தன் வண்டியைச் சுவரில் மோதி ஓட்டை போட்டுக் குழந்தைகளை மீட்க உதவினார். அதன் பிறகுதான், 2011-ல், காப்பகங்களுக்கென்று நாடு தழுவிய சட்டம் அங்கே வந்தது. அந்தத் தீ விபத்துக்குப் பிறகு ஓர் ஆண்டு முழுவதும் நான் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் முதலில் அவசரக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

தனியாக நிற்கும் உங்களால் எட்டுப் பேரில் எத்தனை பேரைத் தூக்க முடியும்? இந்தக் கேள்வியை மேலாளரிடம் நேரில் கேளுங்கள். தனியாக இருக்கும் நேரத்தைத் தேதி வாரியாகக் குறித்து எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். உணவு இடைவேளைக்கு அவரே வந்து அறையில் உட்காரலாம். பெரும்பாலான இடங்களில் இது இப்படித்தான் தீர்ந்திருக்கிறது. மாற்றம் இல்லையென்றால் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து வருந்த வேண்டாம்.

கேள்வி: காய்ச்சல் மருந்தைச் சிறு புட்டியில் ஊற்றி, எப்போது கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். காப்பகத்தில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஒரு தாயின் வார்த்தையை நம்ப மாட்டார்களா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர்கள் செய்தது சரி. ஒரே காய்ச்சல் மருந்து வெவ்வேறு அடர்த்தியில் விற்கப்படுகிறது. பெயரில்லாத புட்டியில் இருப்பது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? காலையில் வீட்டில் கொடுத்த வேளை தெரியாமல் அவர்களும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். அடுத்த முறை மருந்தை அதன் அசல் பெட்டியோடு கொடுங்கள். குழந்தையின் பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுக்கும்போது இரண்டு ஊழியர்கள் சேர்ந்து சரிபார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் காப்பகம் புதிதாக வேன் விடுகிறது. அதில் குழந்தைகளோடு போகும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: இறங்கும்போது எண்ணுவதில். 2022 செப்டம்பரில் ஜப்பானின் ஷிசுவோகா மாநிலத்தில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மழலையர் பள்ளிப் பேருந்திலேயே மணிக்கணக்கில் விடப்பட்டு வெப்பத்தால் இறந்தாள். வகுப்பில் அவள் இல்லாததைக் கண்டும் வீட்டுக்கு யாரும் தொலைபேசியில் கேட்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் முதல் அந்நாட்டில் இத்தகைய பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது.

ஏறும்போது பெயர் சொல்லிக் குறியுங்கள், இறங்கும்போதும் பெயர் சொல்லிக் குறியுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போனாலும் வேனைப் பூட்டும் முன் கடைசி இருக்கை வரை நடந்து போங்கள். குனிந்தும் பாருங்கள், தூங்கிப்போன குழந்தை இருக்கைக்குக் கீழே சரிந்து கிடக்கலாம்.